பிளான் 300, மாடிக்கு வந்தது 9

சொந்தத்தில் யார் வீட்டில் நெட் சுத்தினாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும். அப்படிப் போய்ப் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி இடங்களில் கதை ஒன்றுதான். கம்பெனி தருவதாகச் சொன்ன வேகம் வாசல் வரை ஒழுங்காக வந்திருக்கும். வீட்டுக்குள்தான் தொலைந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் வீட்டுக்காரர் அடுத்த பெரிய பிளானுக்கு மாறி, கூடுதல் பணமும் கட்டத் தொடங்கியிருப்பார்.

நாம் மாதாமாதம் பணம் கட்டும் வேகம், ஃபைபர் வந்து சேரும் அந்தச் சின்னப் பெட்டி வரைக்குமானது. அதற்குப் பிறகு போனுக்கோ டிவிக்கோ என்ன வந்து சேரும் என்பதை நம் வீட்டு ரவுட்டரும், ஒயரும், சுவரும், போனும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பிளானை ஏற்றினால் முதலாவது ஏறும். இரண்டாவது அப்படியே இருக்கும். இதை அளந்து பார்க்காமல் பிளானை மாற்றக் கூடாது என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் நடந்ததை வைத்து அதை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

அத்தான் போனில் சொன்னது இதுதான். "மாப்ள, நூறுல இருந்து முந்நூறுக்கு மாத்தியாச்சு. கஸ்டமர் கேர்ல அவன்தான் சொன்னான், அஞ்சு பேருக்கு நூறு பத்தாதுன்னு. மாசம் கூடத்தான் துட்டு போகுது. மாடில பிள்ளைக்கு மட்டும் அதே கததான். மீட்டிங்ல பேசிட்டு இருக்கும்போதே படம் அப்படியே நிக்குதாம்."

ஐந்து பேருக்கு நூறு பத்தாது என்பதை முதலில் பார்ப்போம். நெட்ஃபிளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்), 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். ஜூம் மீட்டிங்கை முழு எச்டி தரத்தில் பார்க்கப் போக ஒரு 4, வர ஒரு 4 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு டிவியில் 4கே படம், இரண்டு பேருக்கு மீட்டிங், ஒருவர் கையில் போன் என்று வைத்தாலும் ஐம்பதைத் தாண்டுவது கஷ்டம். நூறு எம்பிபிஎஸ் முழுதாக வந்து சேர்ந்தால் ஐந்து பேர் வீட்டுக்கு அது தாராளம். பெரிய பெரிய ஃபைல்களை அடிக்கடி ஏற்றி இறக்குபவர்கள், நூறு ஜிபி விளையாட்டுகளை டவுன்லோட் செய்பவர்கள், இவர்களுக்குத்தான் அதற்கு மேல் தேவை.

நான் போனபோது கையில் லேப்டாப்பும் ஒரு நல்ல லேன் ஒயரும் கொண்டு போயிருந்தேன். இந்த வேலைக்கு இவை இரண்டும் போதும். வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரரோடு சண்டைக்குப் போவதில் பயனில்லை. அவர் சொல்லும் முதல் பதில் "ஒயர் போட்டுப் பாருங்க சார்" என்பதுதான். அது நியாயமான பதிலும்கூட.

ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபைபர் பெட்டி. எல்லோரும் மோடம் என்று சொல்வது அதைத்தான். அதிலிருந்து ஒரு ஒயர், அத்தான் கடையில் வாங்கிய ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டருக்குப் போகும் அந்த ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றி, அதே துளையில் என் லேப்டாப் ஒயரைச் செருகி டெஸ்ட் போட்டேன். 94 வந்தது. மறுபடி போட்டாலும் 94.

இந்த 94 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் நின்று கவனிக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் போர்ட் (ஒயர் செருகும் துளை) ஒன்று முழு மூச்சில் ஓடினால் ஸ்பீட் டெஸ்டில் 94, 95 என்றுதான் காட்டும். மிச்சம் ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகிற முகவரி விவரங்களுக்குச் செலவாகிவிடுகிறது. அதே மாதிரி ஜிகாபிட், அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ் போர்ட் என்றால் உச்சமாக 940 வாக்கில் காட்டும். 300 பிளான் வீட்டில் 180 வந்தாலோ, ஏறி இறங்கினாலோ காரணம் எதுவாகவும் இருக்கலாம். கூடாமல் குறையாமல் 94-இலேயே நின்றால் வழியில் எங்கோ ஒரு நூறு எம்பிபிஎஸ் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டு லேன் துளைகள். ஒன்றின் கீழே ஜிஇ, மற்றதன் கீழே எஃப்இ என்று பொடி எழுத்து. முதலாவது ஜிகாபிட், இரண்டாவது வெறும் நூறு. இந்த மாதிரி ஒன்றுக்கொன்று வித்தியாசமான துளைகள் உள்ள பெட்டிகள் நம் ஊரில் ஏராளமாகப் புழங்குகின்றன. லைன்மேன் வந்து மாட்டும்போது எது கைக்கு எட்டுகிறதோ அதில் செருகிவிட்டுப் போவார். நூறு பிளான் இருக்கும் வரை யாருக்கும் வித்தியாசமே தெரியாது. ஒயரை ஜிஇ துளைக்கு மாற்றினேன், டெஸ்ட் முந்நூறைத் தொட்டது. அத்தான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ இத்தன மாசமா முந்நூறும் இங்கனதான் கிடந்திருக்கு" என்றார். ஆமாம், கம்பெனி தர வேண்டியதைத் தந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்தது ரவுட்டர். அட்டைப் பெட்டியைப் பத்திரமாகப் பரணில் வைத்திருந்தார்கள். மேலே பெரிதாக ஏசி1200 என்று போட்டிருந்தது. 1200 எம்பிபிஎஸ் தாங்கும் ரவுட்டருக்கு 300 என்ன பெரிய விஷயம் என்பதுதான் அத்தானின் கேள்வி. கடைக்காரரும் அப்படித்தான் சொல்லி விற்றிருக்கிறார்.

இந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ரவுட்டரில் வைஃபை சிக்னலை அனுப்பி வாங்கும் ரேடியோ இரண்டு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவின் உச்சம் 300, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவின் உச்சம் 867. இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் ஏற்றி 1200 என்று அச்சடிக்கிறார்கள். எந்தப் போனும் இரண்டு ரேடியோவையும் சேர்த்துப் பிடித்து 1200 வாங்கப்போவதில்லை. அதைவிட முக்கியம், அந்த அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்தது: போர்ட்டுகள் 10/100. அதாவது காற்றில் 867 வரை பேசக்கூடிய ரவுட்டருக்கு உள்ளே நுழையும் வாசலே நூறுதான். முந்நூறு பிளான் போட்டாலும் ஆயிரம் பிளான் போட்டாலும் அதன் வழியாக 94-க்கு மேல் வரவே வராது. ரவுட்டர் வாங்கப் போகும்போது அட்டையின் முகப்பில் இருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, 10/100 என்றிருக்கிறதா 10/100/1000 என்றிருக்கிறதா என்பதை முதலில் தேடுங்கள். நூறுக்கு மேல் பிளான் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வரிதான் அட்டையிலேயே உருப்படியான தகவல்.

ஒயரும் இதே வேலையைச் செய்யும். மதுரையில் நண்பர் வீட்டில் போர்ட் எல்லாம் ஜிகாபிட்தான், ஆனாலும் 94-இல் நின்றது. ஒயர் முனையில் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே எட்டு நிறக் கம்பிகள் வரிசையாகத் தெரிய வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. அங்கே நான்குதான் இருந்தன. நீலமும் பழுப்பும் காணோம். நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம், பழுப்புக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும், கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது சரியாக உட்காராமல் போயிருந்தாலும், இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸ் லேப்டாப் என்றால் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதிக்குள் போனால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும்; இரண்டு பக்கமும் தங்களுக்குள் பேச ஒத்துக்கொண்ட வேகம் அது. 100/100 என்றிருந்தால் ஒயரையோ போர்ட்டையோ பார்க்க வேண்டும், 1000/1000 என்றிருந்தால் அந்த வழி சுத்தம்.

இவ்வளவும் சரி. ஆனால் மாடியில் என் மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, 94-கூட வரவில்லையே. போனை எடுத்துக்கொண்டு ரவுட்டர் பக்கத்திலிருந்து நடந்தேன். வைஃபை பெயரைத் தட்டினால் ஆண்ட்ராய்டு போனில் லிங்க் ஸ்பீட் காட்டும். ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸில் 867 காட்டியது, டெஸ்ட் போட்டால் 93. படிக்கட்டுத் திருப்பத்தில் லிங்க் ஸ்பீட் சரிய ஆரம்பித்தது. மாடி அறைக்குள் நுழைந்தபோது போன் தானாகவே 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவியிருந்தது. லிங்க் ஸ்பீட் 26, டெஸ்ட்டில் 9. அதுவும் ஒரு முறை 9, ஒரு முறை 5.

ரவுட்டரிலிருந்து அந்த அறைக்கு நேர்கோடு போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். டிவிக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டர், பக்கத்தில் இரும்பு பீரோ, பழைய காலத்துப் பருமனான செங்கல் சுவர், அதற்கு மேல் கம்பி போட்ட கான்கிரீட் தளம். இரும்பு சிக்னலைத் திருப்பி அடிக்கும், சுவரும் தளமும் அதைக் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் சோப்ளாங்கி. 2.4 சுவரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் அதன் பாதை குறுகலானது, அதில் தெருவிலுள்ள அத்தனை ரவுட்டர்களும், புளூடூத்தும், பக்கத்து அடுக்களை மைக்ரோவேவும் சேர்ந்து நெருக்குகின்றன. ஒற்றை ஆன்டெனா உள்ள சாதாரண போன் 2.4-இல் நல்ல சிக்னலில் இருந்தாலும் லிங்க் ஸ்பீட் 72-ஐத் தாண்டாது. அதிலும் கைக்கு வருவது பாதியும் சொச்சமும்தான். ஏனென்றால் வைஃபையில் ரவுட்டரும் போன்களும் எல்லாம் ஒரே மைக்கை மாற்றி மாற்றி வாங்கிப் பேசுவது போலத்தான் பேசிக்கொள்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் போன் மெதுவாகவும், கேட்காததைத் திரும்பத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருக்கும். அது மைக்கைப் பிடித்திருக்கும் நேரம் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நஷ்டம். மீட்டிங்கில் படம் நின்றது வேகம் பத்தாததால் மட்டும் அல்ல. இந்தத் திரும்பச் சொல்லும் தாமதம்தான் பெரிய காரணம். மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் போதும். ஆனால் அந்த 4 விட்டுவிட்டு வரக் கூடாது.

சிக்னலை எண்ணாகவே பார்க்க வைஃபை அனலைசர் மாதிரியான இலவச ஆப்கள் இருக்கின்றன. மைனஸில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை மீட்டிங்குக்குப் பயமில்லை, மைனஸ் 75-ஐத் தாண்டினால் வாட்ஸப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மாடி அறையில் மைனஸ் 81 இருந்தது.

"ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கிருவோமா மாமா?" என்று மருமகள் கேட்டாள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ரிப்பீட்டர்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டதையே திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். அதைவிட, சிக்னல் ஏற்கெனவே செத்துப் போன அறைக்குள் கொண்டு போய் அதை மாட்டுவார்கள். முழுப் புள்ளி காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. வீட்டில் பல இடங்களில் வைத்த பெட்டிகள் ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் மெஷ் ரவுட்டர் நல்லதுதான், ஆனால் விலை. ஒயர் இழுக்க முடிகிற வீட்டில் ஒயரை அடித்துக்கொள்ள எதுவுமில்லை.

அக்கா வீட்டில் புதிதாக எதுவும் வாங்கத் தேவைப்படவில்லை, ஒயரைத் தவிர. ஃபைபர் பெட்டியிலேயே இரண்டு ரேடியோவும் உண்டு, அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்துக்கு அதையே உயிர்ப்பித்தோம். டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஃபைபரை ஒடிக்காமல் வளையமாக விட்டு, சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினோம். ஜிஇ துளையிலிருந்து படிக்கட்டு ஓரமாகக் கேட் 6 என்ற வகை லேன் ஒயர் ஒன்றை மாடிக்கு இழுத்து, அத்தானின் ரவுட்டரை அங்கே வைத்தோம். செட்டிங்கில் அக்செஸ் பாயின்ட் மோடு என்று இருக்கும், அதைத் தேர்வு செய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும், கீழே இருக்கும் பிரின்டர் மாடிக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-இல் கீழே சேனல் 1, மேலே 11 என்று பிரித்துவிட்டோம். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை; அனலைசரில் பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

மாடியில் இப்போது 5 கிகாஹெர்ட்ஸில் 90-க்கு மேல் வருகிறது. நூறு போர்ட் ரவுட்டர் என்பதால் அதற்கு மேல் போகாது. போகத் தேவையும் இல்லை. அடுத்த ரீசார்ஜில் அத்தான் பழைய நூறு பிளானுக்கே திரும்பிவிட்டார். மருமகளின் மீட்டிங் அதன் பிறகு நிற்கவில்லை.

இன்னும் சில குழப்பங்கள் எல்லா வீட்டிலும் வருகின்றன. நூறு பிளான் போட்டும் டவுன்லோட் 12-தான் காட்டுகிறது என்பார்கள். பிளான் மெகாபிட்டில், டவுன்லோட் மெகாபைட்டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆக நூறுக்கு உச்சம் 12.5. அது முழு வேகம்தான், குறையே இல்லை. அடுத்தது, வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று இருப்பதை மொபைல் 5ஜி என்று நினைத்து, "எங்க போன் 5ஜி இல்லையே" என்று தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அது 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இன்றைக்குப் புழங்கும் பெரும்பாலான 4ஜி போன்களும் பிடிக்கும். டிவியை லேன் ஒயரில் போட்டால் வேகம் குறைகிறதே என்று ஒருவர் கேட்டார். பல ஸ்மார்ட் டிவிகளில் லேன் துளை நூறுதான், ஆனாலும் 4கே படத்துக்கு அது ஆறு மடங்கு. ஒயரிலேயே விட்டுவிடுங்கள், வைஃபையில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும்.

தவறு கம்பெனி பக்கம் இருக்கும் நேரமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஜிகாபிட் துளையில் நேரடியாக ஒயர் போட்டுக் காலையில் டெஸ்ட் எடுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு முறை எடுங்கள். டெஸ்டில் தானாக வரும் சர்வர் பல நேரம் அதே கம்பெனியுடையதாக இருக்கும். அதை மாற்றி வேறொரு சர்வரிலும், நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காமிலும் பாருங்கள். ஃபைபரை ஸ்பிளிட்டர் வைத்து 32, 64 வீடுகளுக்குப் பிரித்துத்தான் தருகிறார்கள். காலையில் முழுதாகவும் ராத்திரியில் மூன்றில் ஒரு பங்காகவும் வந்தால் அது அவர்கள் சரிசெய்ய வேண்டியது. மாதக் கடைசியில் மட்டும் படுத்துவிட்டால் டேட்டா வரம்பு முடிந்துவிட்டதா என்று ஆப்பில் பாருங்கள். அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால் லைன்மேனிடம் ஒளி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் மீட்டர் இருக்கும். மைனஸ் 27-ஐ ஒட்டி வந்தால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது ஒட்டு சரியில்லை.

புகாரைப் போனில் வாய்வழியாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், புகார் எண் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி கம்பெனிகளில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். முதல் புகாருக்குச் சரியான பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் காட்டி அங்கே போகலாம். ஒயரில் எடுத்த அளவு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும், பிளானை ஏற்றச் சொல்லி யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஃபைபர் வந்து சேரும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும், டிவி வரும் சுவருக்கும் தனிப் பைப் போட்டுவிடுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து இழுக்க விடாதீர்கள். உள்ளே ஒரு இழுகம்பி கிடக்கட்டும். கேட் 6 ஒயர் வாங்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் வாங்கலாம். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சுவருக்குள் போட வேண்டாம்.